வயர்லெஸ்ஸில் பர்சலோய் சொன்ன சிங்கம்

மாராப் புல்வெளியில் மிருகம் பார்க்க வரும் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறவர்களில் பர்சலோயைப் போல ஓர் ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்; அடுத்தவன் வேனைக் கழுவிக் கழுவியே தொழில் கற்று, சொந்த வேன் வாங்கியவர். மிருகத்தைக் கண்டவன் வயர்லெஸ்ஸில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், பொய் சொல்லக்கூடாது என்பது ஓட்டுநர்களுக்குள் கட்டுப்பாடு. சிங்கம் என்று பர்சலோய் சொன்னால் மறுபேச்சில்லாமல் அத்தனை வண்டியும் திரும்பும். அந்த வாக்குதான் அவருடைய சொத்து.

அன்று காலை கிமெலி என்கிற ஓட்டுநர் சிவிங்கிப்புலி இருக்கிற இடத்தைச் சொன்னான். பர்சலோய் போய்ச் சேருமுன் இருபது வேன்கள் அதை ஈயாக மொய்த்திருந்தன. டீசல் புகை. பயணிகளில் ஒரு தடியன் வேன் தகரத்தைத் தட்டி, "இங்கே பார்" என்று அதைக் கூப்பிட்டான். இன்னொருத்தன் கோழி எலும்பைக் கடித்துத் துப்பினான்.

சிவிங்கிப்புலித் தாயின் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. புல்லுக்குள் மூன்று குட்டிகள். பகலில் வேட்டையாடுகிற பிராணி அது. முந்தின நாள் முழுக்க இதே கூட்டம் குறுக்கே புகுந்து மானை விரட்டியிருந்தது. இன்றும் பட்டினி என்றால் குட்டிகளுக்குப் பால் இராது.

"டேய் கிமெலி, வண்டியைப் பின்னால எடுடா. அது மானைப் பாக்கவா, உன் மூஞ்சியைப் பாக்கவா?"

"என்ன பெரியவரே, அது உங்க வீட்டு மாடா? வந்தவங்க கிட்டத்துல பாக்கணும்ங்கறாங்க."

"கேட்டா மடியிலயே உக்கார வெப்பியா?"

"வெச்சா நீங்கதான் போட்டோ புடிக்கணும்!"

எல்லா வேனிலும் சிரிப்பு. பர்சலோய் காறித் துப்பிவிட்டு ஆற்றுப் பக்கம் வண்டியை விரட்டினார். அத்திமரத்தடியில் நிறுத்தி மைக்கை எடுத்தார். அதில் அவர் பொய் சொன்னதே இல்லை.

"அத்திமரத்துக்கிட்ட சிங்கம். ரெண்டு ஆண். எருமையை அடிச்சுப் போட்டிருக்கு."

புழுதி கிளம்பியது. முதல் ஆளாக வந்தவன் கிமெலி.

"எங்க பெரியவரே சிங்கம்?"

"இல்ல. பொய்தான் சொன்னேன். போங்கடா!"

அவர்கள் வாயில் வந்தபடி ஏசிக்கொண்டிருக்க, அவர் தம் பயணிகளோடு சிவிங்கிப்புலி இருந்த இடத்துக்குத் திரும்பி வந்து தூரத்திலேயே நின்றார். தாயின் வாயெல்லாம் ரத்தம். குட்டிகள் மானின் வயிற்றுக்குள் தலையை நுழைத்திருந்தன.

சாயங்காலம் மரக்கிளையில் நிஜமாகவே ஒரு சிறுத்தையைக் கண்டு வயர்லெஸ்ஸில் சொன்னார். ஒரு வண்டியும் வரவில்லை.

"பெரியவரே, அதுக்குக் கொம்பு இருக்கா, நல்லாப் பாருங்க!" என்றான் கிமெலி. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பர்சலோய், அவர்கள் எச்சில் பட்டுவிட்டதுபோல மைக்கைச் சட்டையில் அழுத்தித் துடைத்து, கொக்கியில் மாட்டினார்.