கூண்டுக்குள் விழுந்த சொட்டு

எங்கள் ஷெட்டின் ரிஜிஸ்டரில் ‘தண்ணீர் டெஸ்ட்’ என்று ஒரு கட்டம் உண்டு. பதினாறு வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் ஒரே ஒரு முறை பொய் எழுதினேன். மற்ற பொய்களை மற்ற கட்டங்களில் எழுதினேன்; அவற்றால் யாருக்கும் சேதமில்லை.

ஷெட் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்தது. பிக்கப் வண்டிகளின் பின்தொட்டிக்கு மேலே தகரக் கூண்டு கட்டித் தருவோம். வரலாற்றில் பி.ஏ. முடித்திருந்த நான் அங்கே சூப்பர்வைசர். அந்த நாளில் தாம்பரத்தில் வரலாற்றுக்கு அதைவிடப் பெரிய தேவை இருக்கவில்லை. முதலாளி ஏகாம்பரத்தின் குடும்பம் ஷெட் நின்ற அதே இடத்தில் முன்பு நெல் போட்டிருக்கிறது. “அப்போ தண்ணி வரலன்னு அழுதோம், இப்போ தண்ணி வருதுன்னு அழுவுறோம்” என்பார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “யோவ் பி.ஏ.” என்றால் நான்தான்.

1. தண்ணீர் நடந்து வரும்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப்பின் தொட்டி மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்டது. நாம் அதன்மேல் ஒரு கூண்டை உட்காரவைத்து, இனிமேல் நனையாதே என்கிறோம். கூண்டும் தொட்டியும் சேருகிற விளிம்பு முழுக்க ரப்பர் பீடிங் என்கிற பட்டை ஓட வேண்டும். பீடிங்கின் இரண்டு முனைகளும் மூலையில் சந்திக்கக் கூடாது. பின்கதவுப் பக்கம், நேரான இடத்தில் சந்திக்க வேண்டும். தொட்டியின் அடியில் கம்பெனியே விட்ட வடிகால் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைக்கிற புத்திசாலிகள் உண்டு. அடைத்தால், வந்த தண்ணீர் சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி தங்கிவிடும். போல்ட் போகிற ஒவ்வொரு ஓட்டையிலும் ஸீலர் பசை வைத்து, மேலே ரப்பர் வாஷர், அதற்கு மேல்தான் இரும்பு வாஷர்.

இவ்வளவு செய்தாலும் ஒழுகும். எங்கே என்பது வெளியே நின்று பார்த்தால் தெரியாது. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, கூண்டுக்கு எலும்பாக இருக்கிற சதுரக் குழாய்க்குள் நடந்துபோய், வேறெங்கோ சொட்டும். ஆகவே ஒருவர் டார்ச்சும் சாக்பீஸுமாக உள்ளே மல்லாந்து படுக்க வேண்டும். கதவைச் சாத்தி, வெளியிலிருந்து இருபது நிமிடம் ஹோஸ் பிடிக்க வேண்டும். சொட்டு விழுந்தால் உள்ளே இருப்பவர் தகரத்தைத் தட்டுவார். இதைவிட எளிய சோதனை கிடையாது. படுக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

2. மூடாத பெட்டி

எண்பதுகளின் கடைசியில், ஒரு ஆவணி மாதம், தேவசகாயம் சார் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தங்கள் சபையின் அடக்கக் கமிட்டிக்குச் செயலாளர். கமிட்டிக்காக ஒரு பழைய பிக்கப்பை வாங்கி ஓட்டிவந்திருந்தார்.

“போன மழையில ஒரு அடக்கத்துக்குப் போனோம், தம்பி. தொறந்த வண்டி. நாலு பேரு தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டே வந்தோம். காத்து பிடுங்கிடுச்சு. பெட்டி மூடியை நாங்க கல்லறையிலதான் போடுவோம். அந்தம்மா முகம் பூரா மழை. அவங்க பொண்ணு பாத்துக்கிட்டே வர்றா.” கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். “இனிமே யாருக்கும் அது நடக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்த வண்டி.”

“ஒரு சொட்டு உள்ள வராது சார்” என்றேன். அது நான் தினமும் இரண்டு பேரிடமாவது சொல்கிற வாக்கியம்.

வேலை நடந்த இரண்டு வாரமும் சார் தினமும் வந்தார். பெரும்பாலும் அவர் மனைவி கிரேஸ் டீச்சரும் வருவார். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கூண்டுக்குள் இரண்டு பக்கமும் உறவினர்கள் உட்கார பெஞ்சு வைத்திருந்தோம். டீச்சர் ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

“இது ரொம்பத் தாழ்வா இருக்கே. எங்க சபையில பாதிப் பேருக்கு முட்டி வலி. ரெண்டு இன்ச் ஏத்துங்க.”

“ஏத்திடறேன் மேடம்.”

“உக்காந்து பாத்தாச்சு. படுத்தும் பாக்கணுமா?”

“கிரேஸ், சும்மா இரு” என்றார் சார்.

“ஏன், அளவு சரியா இருக்கான்னு யாராவது சொல்ல வேணாமா?” என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். பெஞ்சை இரண்டு இன்ச் ஏற்றினோம். வண்டியில் நாங்கள் ஒழுங்காகச் செய்த வேலை அது.

3. யார் படுப்பது

டெலிவரி நாள் காலை. ஹோஸை மாட்டிவிட்டு, “கஜா, உள்ள ஏறு” என்றேன். கஜா எங்கள் ஃபிட்டர். ஆட்டுத்தோல் ஏற்றுகிற வண்டிக்குள் நாற்றத்தோடு அரைமணி படுத்திருந்து, இறங்கி வந்து பிரியாணி சாப்பிட்டவன்.

“நானா? பொணம் போற வண்டிலயா? இன்னா சார் வெள்ளாடுறியா?”

“இது புது வண்டிடா. இன்னும் ஒரு பொணமும் ஏறல.”

“அதான் சார் பேஜாரு! ஏறியிருந்தா பரவால்ல, ரெண்டாவது ஆளா படுத்துட்டுப் பூடுவேன். மொத ஆளா படுத்தா இன்னா அர்த்தம்? எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா வூட்ல சேக்கவே மாட்டா.”

வெல்டரைக் கேட்டேன். அவன் திடீரென்று வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மும்முரமானான். பெயின்டர் மூன்றாவது டீ குடிக்கப் போய்விட்டான். முதலாளியிடம் போனேன். புது வண்டி என்றால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நிறைய ஓடட்டும் என்று கும்பிடுகிறவர். அன்று பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“யோவ் பி.ஏ., இந்த வண்டி நிறைய ஓடணும்னு நான் எப்படிய்யா வேண்டிக்கறது?”

“டெஸ்டுக்கு யாரும் படுக்க மாட்டேங்குறாங்க.”

“நீ படேன். நீதான் சாமி இல்ல, சாங்கியம் இல்லன்னு டீக்கடையில லெக்சர் அடிக்கறியே.”

உண்மை. அந்த டீக்கடையில் எனக்குப் பகுத்தறிவாளன் என்று பெயர். மூட நம்பிக்கையைப் பற்றி இரண்டு அலமாரி புத்தகம் படித்திருந்தேன். பின்கதவு வரை போனேன். உள்ளே நீளமாக, காலியாக, என் உயரத்துக்குச் சரியாக ஒரு தளம் தெரிந்தது. பேன்ட் அழுக்காகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து நிமிடம் வெளியே ஹோஸ் பிடிக்கச் சொன்னேன். கதவைத் திறந்து எட்டிப்பார்த்தேன். தளம் காய்ந்திருந்தது. ரிஜிஸ்டரில் எழுதினேன்: ‘தண்ணீர் டெஸ்ட். உள்ளே ஆள் வைத்து. 20 நிமிடம். சரி.’ கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

4. இரண்டு போல்ட்

மத்தியானம் வண்டியை எடுக்க வந்த சார், துணியில் சுற்றி ஒரு மரச் சிலுவை கொண்டுவந்தார். அவரே இழைத்து, வெள்ளை பெயின்ட் அடித்தது. அடியில் ஒரு இரும்புத் தகடு.

“இதை மேல, முன்பக்கமா வெச்சுக் குடுக்க முடியுமா தம்பி?”

அடக்க வண்டியின் மேல் ஏற மாட்டேன் என்று கஜா சொல்வதற்கு முன்பே நான் டிரில்லை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். காலையில் போனதுபோக மானம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதுவரை நான் ஒரு ஓட்டைகூடப் போட்டதில்லை. மற்றவர்கள் போட்ட ஓட்டைகளைக் குறை சொல்வதுதான் என் வேலை. தகரத்தைத் தாண்டி, அடியில் குறுக்கே போகிற சதுரக் குழாய் வரை துளைத்து, இரண்டு போல்ட் போட்டேன். கையிலிருந்த டப்பாவில் ரப்பர் வாஷர் இல்லை. ஸ்டோர் முப்பது அடி தூரம். அதற்கு ஏணியிலிருந்து இறங்க வேண்டும். இரும்பு வாஷரை மட்டும் போட்டு இறுக்கினேன். புது ஓட்டை போட்டால் மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும்; ரிஜிஸ்டரில்தான் காலையிலேயே ‘சரி’ என்று எழுதியாயிற்றே.

சார் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். “நேரா இருக்கு” என்றார். நேராகத்தான் இருந்தது.

5. தலைமாடு

ஐப்பசி மழையில் கிரேஸ் டீச்சர் காலமானார். காலையில் சமையலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி எங்களுக்கு மறுநாள்தான் வந்தது. முதலாளி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்த வண்டியின் முதல் ஓட்டம் அதுதான் என்று கஜா சொன்னான்.

நான்காம் நாள் சார் வண்டியோடு வந்தார். குடையை மடக்கி, கதவோரம் சாய்த்து வைத்தார்.

“வண்டி ஒழுகுது, தம்பி.”

“எங்க சார்?”

“தலைமாட்டுல.”

அவ்வளவுதான் சொன்னார். ஸ்டூலைப் போட்டோம். உட்கார்ந்தார்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. டார்ச்சையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு ஏறி, பெட்டி வைக்கிற இடத்தில், கேபின் பக்கம் தலை வைத்துப் படுத்தேன். கஜா என்னைப் பார்த்தான், கதவைச் சாத்தினான். ஹோஸ் சத்தம் தகரத்தில் விழத் தொடங்கியது. உள்ளே பெயின்ட் வாசனையும், அதற்கு மேல் வாடிய சம்பங்கி வாசனையும் இருந்தன. பெஞ்சின் அடியில் ஒரு பூ கிடந்தது.

ஆறாவது நிமிடம் சொட்டு விழுந்தது. என் வலது கண்ணின் ஓரத்தில். துடைக்கவில்லை, எங்கிருந்து வருகிறதென்று பார்க்க வேண்டும், அடுத்த சொட்டு வரை எண்ண வேண்டும். அது முறை. எண்ணினேன். நாற்பதாவது விநாடியில் இரண்டாவது சொட்டு, அதே இடத்தில். நேர் மேலே சதுரக் குழாயில் ஒரு ரிவிட் ஈரமாக மின்னியது. டார்ச்சைக் குழாயோடு நகர்த்தினேன். ஒன்றரை அடி தள்ளி, என் இரண்டு போல்ட்களும் இருந்தன. தகரத்தைத் தட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்போல. கஜா ஓடிவந்து திறந்தான்.

முதலாளியிடம் தனியாகச் சொன்னேன். அவர் ஸ்டூல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“சிலுவை அவர் கொண்டாந்தது. நம்ம கூண்டு ஒழுகல. அதைச் சொல்லிட்டு முடிச்சிடுய்யா.”

“அப்போ அவர் செஞ்ச சிலுவை வழியாத்தான் அந்தம்மா மேல விழுந்துதுன்னு ஆயிடும்.”

“பீடிங் பழுதுன்னு சொல்லேன். யாருக்கும் நோவாது.”

அது நல்ல பொய். யாரையும் புண்படுத்தாது, என்னையும் சேர்த்து. ஸ்டூல்வரை அதோடுதான் போனேன்.

“எதனால, தம்பி?” என்றார் சார். ஈரமாக இருந்த என் முகத்தைப் பார்த்தார். பொய் வரவில்லை.

“சிலுவைக்கு நான் போட்ட ஓட்டை சார். சிலுவையில ஒரு தப்பும் இல்ல. ரப்பர் வாஷர் போடணும், நான் போடல. அன்னிக்கு டெஸ்டுக்கு உள்ள யாரும் படுக்கவும் இல்ல. படுத்ததா நான் எழுதினேன்.”

கஜா ஹோஸைக் கையில் பிடித்தபடி நின்றான். முதலாளி ரோட்டைப் பார்த்தார். சார் வகுப்பில் விடை கேட்பதுபோலக் கேட்டார்.

“முதல் சொட்டுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?”

“நாப்பது விநாடி சார்.”

“நாப்பதுதானா.” கைக்குட்டையை எடுத்தார், கண்ணாடியைத் துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “எனக்கு ரொம்ப நேரம் மாதிரி இருந்துது. கண் ஓரத்துல தண்ணியப் பாத்தேன். அவ அழறான்னு நெனச்சேன். உயிர் இருக்கு, வண்டியை நிறுத்துன்னு கேபினைத் தட்டப் போனேன். கையைத் தூக்கிட்டேன். அப்பத்தான் அடுத்தது விழுந்துது.”

“சிலுவையை எடுத்துடட்டுமா சார்?”

“வேண்டாம். வாஷர் போடுங்க.”

போட்டேன். ஏணியிலிருந்து இறங்கி, முப்பது அடி நடந்து, ஸ்டோரிலிருந்து எடுத்துவந்து போட்டேன். ஸீலர் காயும்வரை சார் ஸ்டூலிலேயே இருந்தார். மறுபடியும் படுத்தேன். இருபது நிமிடம். ஒன்றும் விழவில்லை.

6. கடைசியாக

அதன் பிறகு அந்த ஷெட்டிலிருந்து போன ஒவ்வொரு கூண்டிலும் நானே படுத்தேன். ரொட்டி வண்டி, தோல் வண்டி, எதுவானாலும். பேன்ட் அழுக்காகத்தான் செய்தது. உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு பெரிய பாடம் இல்லை. பீடிங்கும் ஸீலரும் இப்போது நன்றாகவே வருகின்றன. ஆனால் உள்ளே ஒருவர் படுக்காமல் எந்த வண்டியையும் வெளியே விடாதீர்கள். படுக்கிறவர் சொட்டு விழுந்ததும் முகத்தைத் துடைக்கக் கூடாது. அடுத்தது விழும்வரை எண்ண வேண்டும்.

சார் வண்டியை எடுத்துப்போன அன்று சாயங்காலம் ரிஜிஸ்டரில் பழைய பக்கத்தைப் புரட்டி, அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்தில் ‘உள்ளே ஆள் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு கையெழுத்து மட்டும் அழகாக வரவில்லை.