பப்புவின் குறட்டை

மூக்கு எவ்வளவு சப்பையோ அவ்வளவு உயர்ந்த இனம் என்றார் நாய்க்குட்டி விற்றவர். நான்கு 'பக்' இனக் குட்டிகளில் மிகத் தட்டையான முகத்தையே நான் தேடி எடுத்தேன். மகளுக்குக் கொடுப்பதில் குறை இருக்கக் கூடாது என்ற நினைப்பு.

குட்டிக்குப் பப்பு என்று பெயர் வைத்தோம். அவன் தூக்கத்தில் விடும் குறட்டையை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன்.

"எங்க அண்ணனையே தோற்கடிச்சிட்டானே, மதினி!" என்று நாத்தனார் எழுதினாள். எல்லோரும் சிரித்தோம்.

சென்ற ஏப்ரலில் ஒரு மத்தியானம், ஆரியசாலையில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போதே பப்பு நாக்கு நீலமாகிச் சரிந்தான். மலையாளியான கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நல்லாத்தான் இருந்தான் டாக்டர், பாருங்க" என்று அந்த வீடியோவையே காட்டினேன்.

அவர் முழுவதும் பார்த்தார்.

"இது சுகமான ஒறக்கம் இல்ல மோளே. மூச்சு கிட்டாம தவிக்குது. மூக்கு சப்பையா வேணும்னு அப்படிப்பட்ட நாய்களையே இணை சேர்த்துச் சேர்த்து, மூச்சு போற வழியே சுருங்கிப்போச்சு. பிறந்ததுல இருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்."

மாலைக்குள் பப்பு போய்விட்டான்.

மகளுக்குச் சளி பிடித்தால் மார்பில் காதை வைத்து ஒவ்வொரு மூச்சாகக் கேட்கிறவள் நான். அதே காதால் பப்புவையும் கேட்டேன், சிரித்தேன்.

மகள் இன்னும் அந்த வீடியோவைக் காட்டச் சொல்லி அழுகிறாள். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் கொடுக்கிறேன்.