வடக்குப் பக்கக் கொப்புகள்

நடந்தது 2006ஆம் ஆண்டு நவம்பரில். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் சென்ட் லோரன்ட் நகரில் என் வீட்டுக்கு வரலாம். பேஸ்மென்டில் அந்தக் கூடாரம் இன்னும் இருக்கிறது. அதன் கதவை இழுத்து மூடும் சிப் முழங்கால் உயரத்தில் நின்றுபோயிற்று. மெழுகு தேய்த்தேன், எண்ணெய் விட்டேன். மேலேயும் போகாது, கீழேயும் வராது. அது ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மான் வேட்டைக்குப் போகிறவர்கள் நிலத்தில் ஒளிந்திருக்க ஒரு சின்னக் கூடாரம் அடிப்பார்கள். அடி விரிப்பு கிடையாது. நான்கு சுவர், ஒரு கூரை, சுற்றிவரச் சன்னல்கள், பின்பக்கம் ஒரு கதவு. கம்பிகளை வெளியே இழுத்தால் குடையைப் போல விரிந்துவிடும். வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது உட்புறத்துக் கறுப்புப் பூச்சு. அது தடிப்பாக இருக்க வேண்டும். ஏனென்றால் உங்களை மறைப்பது அந்தச் சீலைத் துணி அல்ல, உள்ளே இருக்கும் இருட்டு. எதிரெதிர்ச் சன்னல்களைச் சேர்த்துத் திறக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் உங்கள் தலை அசைவதை மான் கண்டுவிடும். ஆகவே முன்னால் ஒரு சன்னல் மட்டும் திறந்திருக்கும். பின்னால் என்ன நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்திருங்கள்.

என்னுடையது மலிவானது. பூச்சு மெல்லியது, வெளிச்சம் பட்டால் சுவர் சாம்பல் நிறமாகத் தெரியும். புதுச் சீலையின் மணம் போவதற்காகக் கோடை முழுவதும் பால்கனியில் விரித்து வைத்திருந்தேன்.

"உடுப்புக் காயப்போட இடமில்லை. மானுக்கெண்டு ஒரு வீடு கட்டி வச்சிருக்கிறியள்," என்றாள் மனைவி கௌசலா.

என்னோடு வேட்டைக்கு வந்தவர் ஞானேந்திரன் அண்ணை. திருகோணமலைக்காரர். இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில், விமான உதிரிப்பாகங்கள் கடையும் பகுதியில் வேலை. அங்கே அலுவலகத்தில் இருந்த செலீன் என்ற பெண், தன் குடும்பத்துக் காட்டில் வேட்டையாட எங்களை விட்டாள். லொங்குய்ய் நகரைத் தாண்டித் தெற்கே ஒரு மணித்தியால ஓட்டம். கரடி ஒன்று திரிகிறது, கவனம் என்று மட்டும் சொன்னாள்.

நவம்பர் வேட்டைக்கு ஒக்டோபரிலேயே கூடாரத்தை அடித்துவிட வேண்டும். மான்கள் அதைப் பார்த்துப் பழக வேண்டும். வெளிச்சுவரில் துணி வளையங்கள் தைத்திருக்கும். அவற்றில் கொப்புகளைச் செருகிக் கட்டினால் கூடாரம் பற்றையோடு பற்றையாகிவிடும். நான் நீலக் கயிற்றால் கட்டுவேன். முன்பக்கத்துக்கும் இரண்டு பக்கக் கரைகளுக்கும் நானே கொப்பு வெட்டினேன். கதவு இருக்கும் வடக்குப் பக்கத்துக்கு வரும்போது கை ஓய்ந்துவிட்டது. அப்போதுதான் பாதையோரம், ஒரு கிழட்டு மேப்பிள் மரத்தடியில், சீடர் என்ற, பச்சை மாறாத மரத்தின் கொப்புகள் குவிந்து கிடந்ததைக் கண்டேன். அடியில் கிடந்தவை உக்கிப்போனவை. மேலே கிடந்தவை பச்சை.

"ஐசே, அதை எடுக்காதையும்," என்றார் ஞானண்ணை. "ஆரோ வச்ச மாதிரிக் கிடக்கு."

எங்கள் நாட்டில் பெருங்காட்டுக்குள் நுழைகிறவர்கள் ஓர் இலைக் குழையை முறித்து மரத்தடிப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டுத்தான் போவார்கள். வருஷக்கணக்கில் அது குவிந்துவிடும். ஞானண்ணை அந்தப் பழக்கத்தில் ஒரு குழையை முறித்துக் கையில் வைத்திருந்தார். சிவப்புப் பழங்கள் கொத்தாய்க் காய்த்த ஏதோ செடி.

"உங்கடை பிள்ளையார் பிரெஞ்சும் கதைப்பாரோ, அண்ணை?"

"பிள்ளையாரோ ஆரோ. காட்டுக்குள்ள வந்தா ஒருத்தரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போறது."

அவர் தன் குழையை அங்கே வைத்தார். நான் அதை விலத்திவிட்டு, பச்சைக் கொப்புகளை அள்ளிக்கொண்டு போய் வடக்குச் சுவரில் கட்டினேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மத்தியானத்துக்குப் பிறகு, நான் கூடாரத்துக்குள் இருந்தேன். ஞானண்ணை வடக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்தில் கட்டிய இருக்கையில். காட்டில் வேறு மனிதர்கள் இல்லை. எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது: பொழுதுபட்டதும் அவர்தான் என்னிடம் வருவார். லைட்டை எரியவிட்டு, தூரத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி வருவார். லைட் இல்லாமல், குரல் இல்லாமல் எதுவும் கூடாரத்துக்குக் கிட்ட வந்தால் அது மனிதர் அல்ல. துவக்கு வைத்திருக்கிறவர்கள் இப்படிப் பேசி வைப்பது சும்மா அல்ல. ஒருவர் உயிர் மற்றவர் விரலில் இருக்கிறது.

மெல்லப் பனி தூறியது. காற்று இல்லை.

நாலு மணியிருக்கும். எனக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்ர்…

சீலையில் கொப்பு உரசும் சத்தம். பனிப்பாரத்தில் ஒன்று கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் மறுபடியும். சர்ர்ர்…

உள்ளே ஏதோ மாறியிருந்தது. யோசித்தபோது புரிந்தது. வெளிச்சம். என் முழங்கால் தெரிந்தது. முதல் தெரியவில்லை. வெளியே கொப்பு குறையக் குறையச் சுவர் வெளிக்கும். திரும்பிப் பார்த்தேன். வடக்குச் சுவரில் சாம்பல் நிறத்தில் இரண்டு கோடுகள்.

மான் சீடர் இலையை விரும்பித் தின்னும். ஒரு முழத் தூரத்தில் மான் நிற்கிறது என்று மனம் துள்ளியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

மெல்லும் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை.

மான் கொப்பை இழுத்தால் கூடாரமே ஆட வேண்டும். கூடாரம் ஆடவில்லை. நான் இறுக்கிப் போட்ட முடிச்சுகள் அவை… யாரோ நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது. நான்காவது.

முன்பக்கத்தையும் கரைகளையும் பார்த்தேன். அந்தச் சுவர்கள் இருட்டாகவே இருந்தன; நான் வெட்டிய கொப்பு ஒன்றும் அசையவில்லை. குவியலில் எடுத்தவை மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"ஞானண்ணை?"

பதில் இல்லை. லைட்டும் இல்லை.

துவக்கைக் கதவுப் பக்கம் திருப்பினேன். வெளியே பொழுது மங்கிவிட்டது. கடைசிக் கொப்பும் போயிற்று. சத்தம் நின்றது.

கரடி, என்று எனக்கு நானே சொன்னேன். கரடிதான்.

பிறகு…

ட்ரிக்.

சிப்பின் ஒரு பல்.

ட்ரிக்… ட்ரிக்…

கரடி சிப் திறக்காது.

கீழிருந்து மேலே, ஒவ்வொரு பல்லாக. துவக்கின் பூட்டை விலக்கினேன். விரல் விசையில் இருந்தது.

முழங்கால் உயரம். நின்றது.

அந்த இடைவெளியால் ஏதோ உள்ளே வந்தது. நிலத்தோடு நிலமாக. தள்ளி வைக்கப்பட்டது.

ஒரு குழை.

சிவப்புப் பழங்கள். ஒன்றுகூட வாடியிருக்கவில்லை.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேனோ தெரியாது. அதைக் கண்டதும் என் நினைவில் வந்தது ஞானண்ணையின் முகம் மட்டும்தான். விரலை எடுத்தேன். பூட்டைப் போட்டேன். துவக்கை நிலத்தில் வைத்தேன்.

வைத்துவிட்டு நிமிர்ந்திருக்கவும் மாட்டேன்…

தொம்!

கதவின் மேல் ஏதோ வந்து விழுந்தது. சீலை உள்ளே புடைத்தது. "ம்ம்… ம்ம்…" என்று உறுமல். துவக்கு கையில் இருந்திருந்தால் சுட்டிருப்பேன். சத்தியமாகச் சுட்டிருப்பேன்.

இடைவெளியால் ஒரு கை உள்ளே வந்தது. வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் சட்டைக் கை. நனைந்திருந்தது.

சிப் மேலே வரவில்லை. கீழால் ஊர்ந்து வெளியே போனேன். ஞானண்ணைதான். ஓடையில் பனிக்கட்டி உடைந்து இடுப்பளவு தண்ணீரில் விழுந்திருக்கிறார். லைட் போய்விட்டது. துவக்கும் போய்விட்டது. குளிரில் தாடை இறுகி, பெயர் சொல்ல வாய் திறக்கவில்லை.

என் ஜாக்கெட்டைப் போர்த்தினேன். தேர்மோஸில் இருந்த தேத்தண்ணியைப் பருக்கினேன். கொஞ்சம் பேச்சு வந்தது.

"கூப்பிட்டனான் ஐசே… சத்தம் வரேல்லை."

"அண்ணை, முதலே வந்து கொப்பைக் கழட்டினியளோ?"

"என்ன கொப்பு?"

என் லைட்டைப் பிடித்துப் பார்த்தேன். புதுப் பனியில் ஓடைப் பக்கமிருந்து ஒரேயொரு ஆளின் தடம் வந்து கதவில் முடிந்தது. வடக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. கீழே கொப்புகள் இல்லை. வேறு தடமும் இல்லை.

அவரைத் தாங்கிக்கொண்டு காருக்கு நடந்தோம். கிழட்டு மேப்பிளைக் கடக்கும்போது லைட் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கொப்புகள் எல்லாம் குவியலில் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் நீலக் கயிறு தொங்கியது.

ஞானண்ணை பல் அடிக்க அடிக்க நின்றார்.

"என்ரை கை ஏலாது. நீர் ஒண்டு முறியும்."

முறித்தேன். வைத்தேன். பிறகு நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் செலீனிடம் அந்த மரத்தைப் பற்றி மட்டும் கேட்டேன். மற்றதைச் சொல்லவில்லை. அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பாவின் தம்பி அல்பேட்," என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். "நான் பிறக்க முதல் நடந்தது. அப்பா அந்த மரத்தடியில் கொப்புகளால் மறைவு கட்டி மானுக்குக் காத்திருந்தார். அல்பேட் ஓடையில் விழுந்து, லைட்டைத் தொலைத்துவிட்டு, நனைந்தபடி வந்திருக்கிறார். கூப்பிட முடியவில்லை. அப்பா கரடி என்று நினைத்துவிட்டார்."

நான் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

"உதவிக்கு ஓட முதல் அந்த மறைவைப் பிரித்து, கொப்புகளால் தம்பியை மூடிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புதுக் கொப்பு வெட்டி அங்கே வைப்பார்."

"இந்த வருஷமும் வைத்திருக்கிறார் போல. ஒக்டோபரில் பார்த்தேன்."

செலீன் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அப்பா இறந்து மூன்று வருஷம். எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. அதனால்தானே உங்களை விட்டேன்."

நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். ஒக்டோபரில் அந்தக் கொப்புகளை அள்ளியபோது, அப்போதுதான் வெட்டியதுபோல வெட்டிய இடமெல்லாம் பிசின் ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத்தான் கையைக் கழுவினேன்.