தலைப்புப் பெட்டிக்குள் ஒரு காதணி விழா

பிளாக் என்கிற வலைப்பூ நடத்த உதவும் அந்த மென்பொருள் இலவசம். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று கூடவே வந்த உரிமத்தில் எழுதியிருந்தது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் எல்லோரும் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே தாண்டிப் போவார்கள். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகராதியை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். ‘எந்த உத்தரவாதமும் கிடையாது’ என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இருந்தும் பூலாம்பாடியில் இருந்த அக்கா வீட்டுக்கு அதில்தான் ஒரு பிளாக் போட்டுக் கொடுத்தேன். அக்கா மகனுக்குக் காதணி விழா. அக்கா வீட்டுக்காரரான மாமாவின் சொந்தத்தில் பாதிப்பேர் மலேசியாவில். மாமாவின் அண்ணனும் அங்கேதான். நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். கிணற்றுப் பங்கில் தம்பியோடு தகராறு செய்துகொண்டு போனவர், அதற்கப்புறம் பேச்சே இல்லை. அண்ணன் தம்பி பிரிந்ததற்கு வந்த மருமகள்தான் காரணம் என்று அந்த வீட்டில் தீர்ப்பாகியிருந்தது. கிணறு அக்கா கல்யாணத்துக்கு முன்னாலேயே வற்றிவிட்டது என்பதெல்லாம் தீர்ப்பில் சேராது. பெரிய மாமா விழாவுக்கு வந்து உட்கார்ந்தால்தான் அக்காமேல் இருக்கும் பழி போகும்.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தன் பேர், அக்கா பேர், பையன் பேர், தாய்மாமன் என்ற முறையில் என் பேர், பிறகு பையனின் பெரியப்பா என்று பெரிய மாமா பேர், சித்தப்பா, அத்தைமார்கள். எல்லாம் தலைப்புப் பெட்டியிலேயே. கீழே அத்தனை பெரிய பெட்டி காலியாகக் கிடக்கிறதே என்று காட்டினேன்.

“அங்க போட்டா சின்ன எழுத்துல வருது மாப்ள. யாரச் சின்ன எழுத்துல போடுறதுன்னு நீயே சொல்லு.”

எனக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. தலைப்பிலிருந்து மென்பொருள் தானாகவே ஒரு சுட்டியை உண்டாக்கியது. அதை மலேசியாவுக்கு மெயிலில் அனுப்பினோம். இரண்டு நாளில் போன் வந்தது. சுட்டியைத் தட்டினால் ‘நீங்கள் தேடியது இங்கே இல்லை’ என்று வருகிறதாம். இத்தனை வருஷம் கழித்துப் பெரிய மாமா தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை இது:

“பத்திரிகைய வச்சிட்டு, வாசல்ல வந்து நின்னா உள்ள ஒண்ணும் இல்ல போன்னு சொல்றியா?”

வேறு சுட்டி அனுப்பலாம் என்றேன். வைத்த பத்திரிகையைத் திரும்ப வைத்தால் முதலில் வைத்தது பொய் என்றாகிவிடும் என்று மாமா மறுத்துவிட்டார். ஆக, திறக்காத அந்தச் சுட்டியேதான் திறந்தாக வேண்டும்.

மென்பொருளைப் பிரித்தேன். சுட்டிக்குள் நம் எழுத்துகள் எல்லாம் சதவீதக் குறியும் எண்ணுமாக மாறிவிடுகின்றன. ஒரு எழுத்துக்கு ஒன்பது இடம். கால், கொம்பு போட்டால் பதினெட்டு. குறிப்பிட்ட நீளம் வந்ததும் மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடும். எங்கள் விஷயத்தில் கத்தி மாமா பேரில், ஓர் எழுத்தின் நடுவில் விழுந்திருந்தது. அரை எழுத்தை வைத்து எந்தப் பக்கத்தைத் தேடுவது?

அந்த மென்பொருளை எழுதியவர்களின் இணைய மன்றத்தில் முறையிட்டேன். தலைப்பு ஏன் இவ்வளவு நீளம் என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். சொந்தக்காரர்கள் பேர், குறைக்க முடியாது என்றேன். பேர்களைக் கீழே போடலாமே என்றார். எழுத்து சின்னது என்றேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்றார். நியாயமான மனிதர், அவருக்கு அண்ணன் தம்பி இல்லை போலிருக்கிறது.

கடைசியில் நானே சில வரிகள் எழுதினேன். வெட்டினால் முழு எழுத்தாக வெட்டு. பழைய சுட்டி தப்பாக வெட்டுப்பட்டு வந்தாலும் அதே அளவில் பொருத்திப் பார்த்துத் திற. எங்கள் பிளாக்கில் போட்டேன், திறந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வேறு ஊர்க் காதணி விழாவுக்கும் ஆகட்டுமே என்று மன்றத்துக்கும் அனுப்பினேன். அதற்கப்புறம் தூக்கம் போயிற்று. என் வரிகளால் உலகத்தில் இருக்கிற பிளாக் எல்லாம் ஒரே நாளில் படுத்து, அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் வீட்டுக்கு வழி கேட்பதாகவே தோன்றியது. வந்ததோ நன்றி சொல்லி ஒரு வரிதான். என் வரிகளை அழகாகத் திருத்தி எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். என் பயத்தைச் சேர்த்துக்கொள்ள அவர்களிடம் வசதி இல்லை.

மலேசியாவிலும் சுட்டி திறந்தது. திறந்ததால் பெரிய மாமா படித்தார். படித்ததால் மறுபடி போன். இந்தத் தடவை எனக்கு.

“தொறந்துச்சு மாப்ள. எம்பேரு ஒம்பேருக்கும் கீழ கெடக்கு. நேர்ல வந்து பேசிக்கிறேன்.”

வந்தார். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் பையனை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி எங்கே இறங்குமோ என்று நான் கண்ணை மூடியிருந்தபோது, முன்னால் உட்கார்ந்து தன் பேர் எந்த இடத்தில் கிடந்தது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“சண்டைக்கு வந்தா என்னடா, வந்துட்டாருல்ல. அவரு பேர மேல ஏத்திடு.”

மறுநாளே ஏற்றினேன். தலைப்பை மாற்றினாலும் அந்த மென்பொருள் ஒரு தடவை கொடுத்த சுட்டியை மாற்றுவதில்லை. பக்கத்தில் அண்ணன் பேர் முதலில் வந்துவிட்டது. சுட்டியில் சதவீதக் குறியாகத் தம்பி பேர் மட்டும்தான் நின்றது. அது தெரியாமல் பெரிய மாமா அந்தச் சுட்டியைத்தான் பழகியவர்களுக்கெல்லாம் பெருமையாக அனுப்பிக்கொண்டிருந்தார்.