அடுத்து வருகிறவர்களுக்கு அந்திமந்தாரை

நேற்று சாயங்காலம் நாரணாபுரம் வழியாக வந்தபோது அந்திமந்தாரை வாசனை அடித்தது. வண்டியை நிறுத்திப் பார்த்தால், சிறுவயதில் நாங்கள் வாடகைக்கு இருந்த லைன் வீடுகள் இருந்த இடம். எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள், அம்மாவுக்கு அது தெரியாது.

அப்பா பட்டாசுக் கம்பெனி மாறும்போதெல்லாம் வீடும் மாறும் என்பதால் அம்மா மரம் எதுவும் வைத்ததில்லை. நகத்தால் கிள்ளினாலே அறுந்துவிடும் இளந்தண்டுச் செடிகள்தான் வாசலில் நிற்கும். அவற்றில் எத்தனை விதம் என்பது வீட்டைக் காலி செய்யும்போதுதான் எனக்குப் புரியும். காய்த்ததும் மடிந்துபோகும் காசித்தும்பை, விதையாகக் காலித் தீப்பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும். ஒடித்து நட்டாலே வேர்விடும் பத்துமணிப்பூ, ஈரத்துணியில் சுருண்டு அம்மாவின் மடியில் வரும். கம்பெனி வேனிலிருந்து பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி அப்பிய கைகளோடு பெண்கள் இறங்கும் நேரத்தில் பூக்கும் அந்திமந்தாரைதான், நாங்கள் இந்த நாரணாபுரம் வீட்டை விட்டுக் கிளம்பிய கோடையில் சருகாகக் கிடந்தது.

"செத்துப்போச்சாம்மா?"

"கீழ கெளங்கு உசிரோட கெடக்கு. மழை பெஞ்சா எந்திரிக்கும். அடுத்து குடி வாரவுகளுக்கு இருக்கட்டும்."

செங்கல் குவியலுக்கு நடுவே, எங்கள் வாசல் இருந்த இடத்தில், அது இடுப்புயரத்துக்குப் பூத்து நின்றது. அது பூத்திருப்பதை மட்டும் அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷமாகக் கேட்டாள்.

"இப்ப அங்கன யாரு குடியிருக்காக?"