ஆரஞ்சு மிட்டாய் நர்ஸம்மா

திருமங்கலத்தில் ஊசி போட்ட அந்த நர்ஸம்மா குட்டையானவர். கொண்டை நிறைய மல்லிகைப்பூ. ஊசிக்கு அழும் பிள்ளைகளுக்கு மட்டும் ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்.

அக்கா தன் மகளை என்னோடு அனுப்பியிருந்தாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி. எனக்குத்தான் தயக்கம்.

“கல்யாணம் ஆகாத புள்ளைக்கு இப்பவே எதுக்கும்மா?” என்றேன்.

“நீங்க தாய்மாமனா? இவளுக்குக் காது குத்துனது எப்போ?”

“கைப்புள்ளையில. என் மடியில வச்சுத்தான்.”

“அப்ப கல்யாணம் ஆகட்டும்னு காத்திருந்தீகளாண்ணே? இதையும் நோய் அண்டுறதுக்கு முன்னாடியே குத்தணும். புள்ளை கையப் பிடிங்க.”

பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா மிட்டாயை என் கையில் வைத்தார்.

நான் அழவில்லை என்றுதான் இன்றும் வீட்டில் சொல்கிறேன். மிட்டாய் தின்றதை மறுக்கவில்லை.