காயாப் புதருக்கு வராத அனுமதி

சிதம்பரத்திலிருந்து பஸ் மாறிப் பண்ருட்டிப் பக்கத்துக் காப்புக்காட்டுக்குப் போய்வருவேன். வனத்துறையில் ஒப்பந்த வேலை. சீமைக்கருவேலம் எங்கெங்கே முளைத்திருக்கிறது, அதை அகற்றினால் காட்டுக்கு என்ன ஆகும் என்று ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும். அறிக்கைக்கு அனுமதி வராமல் ஒரு கன்றைக்கூடப் பிடுங்கக் கூடாது. காடு முழுக்க நடந்ததில், நீலப் பூப் பூக்கும் காயா மரங்கள் அடர்ந்த வடக்கு ஓரத்துப் புதர் ஒன்றுதான் கருவேலம் நுழையாமல் சுத்தமாக இருந்தது. பழைய காட்டில் மிச்சம் அவ்வளவுதான். அதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

“எங்க புதுசா மொளைச்சாலும் உடனே புடுங்கலாம்னு இப்பவே சேத்து எழுதிடலாம் சார்” என்று கடலூர் ஆபீஸில் மன்றாடினேன்.

“இல்லாத செடிக்கு எப்படிம்மா ஆய்வு எழுதறது?” என்றார் அதிகாரி. ஏற்கெனவே முளைத்திருந்த இடங்கள் மட்டும் அறிக்கையில் போயின.

முந்திரி சீசன் முடிந்ததும் தோப்புகளில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள். அந்த வருஷம் காட்டை ஒட்டிய தோப்பில் கிடை போட்டவர் எனக்கு மாமா முறை. ஆடுகள் பகலெல்லாம் ஏரிக்கரையில் கருவேல நெற்றைத் தின்னும். திரும்பும் வழியில் காயா நிழலில் நின்று புழுக்கை போடும். விதை செரிக்காமல் அப்படியே வரும்.

“வேற வழியா ஓட்டுங்களேன் மாமா” என்றேன்.

“இந்த வெயில்ல அதுங்க நெழலுக்கு எங்கம்மா போவும்? நீயே சொல்லு.”

அவர் கேட்டதிலும் தப்பில்லை. யாரைப் பிடித்து உலுக்குவது?

மழை விழுந்ததுமே முளைத்துவிட்டது. புதருக்குள் குனிந்த இடமெல்லாம் விரல் நீளக் கன்றுகள். கிள்ளினால் கையோடு வந்துவிடும் பருவம். முளையில் கிள்ளாததை முற்றினால் கோடாலி கொண்டு வெட்ட வேண்டும் என்பார்கள். கருவேலம் வெட்டினாலும் தழையும். கடலூருக்கு ஓடினேன். அனுமதி வந்திருந்தது, அறிக்கையில் இருந்த இடங்களுக்கு மட்டும்.

“இப்ப வுட்டா போச்சு சார்” என்றபோது என்னையறியாமல் அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நல்ல மனுஷர்தான், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“அழாதம்மா. இப்பதான் செடி வந்துடுச்சுல்ல? எழுதிக் குடு, அடுத்த மழைக்குள்ள வாங்கிடலாம்.”

அங்கேயே எழுத உட்கார்ந்தேன். செடியின் உயரம் என்று வந்த இடத்தில் கை ஓடவில்லை. அனுமதி வருகிறபோது அது என்னைவிட உயரமாக நிற்கும்.